பல் பட்ட தாலி

பயம் வந்தால் பத்மாசினியின் வலது கட்டைவிரல் தானாகக் கழுத்துக்குப் போகும். தாலியைத் தேடிப் பிடித்து, அதன் கீழ் ஓரத்தில் கடுகளவு இருக்கும் ஒரு பள்ளத்தில் நகத்தை வைத்து இரண்டு தடவை தேய்க்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மகள் மடியில் கிடந்து முதல் பல்லால் கடித்த தடம் அது. புருஷன் சாய்பிரசாத் கடையிலிருந்து வர அரைமணி பிந்தினாலும், பால்காரர் ‘சார் எங்கம்மா, ஆளையே காணோம்’ என்று சும்மா கேட்டாலும் விரல் அங்கே போய்விடும். சாமி படத்தை விட அந்தப் பள்ளத்திடம்தான் அவள் அதிகம் வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

மீனாட்சி கல்யாணத்தன்று காலை பத்தரை மணிக்கு, பாயசத்துக்கு முந்திரி வறுக்கும்போது நெய் தெறித்து முழங்கையைச் சுட்டது. விரல் கழுத்துக்குப் போனது. பள்ளம் இல்லை.

இடப்பக்கம் தேய்த்தாள், வலப்பக்கம் தேய்த்தாள், திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். பட்டறையிலிருந்து நேற்று வந்த மாதிரி மழமழவென்று இருந்தது. முந்திரி கருகிப் புகைந்தது. பல் பட்ட தங்கம் தானாக நிமிராது. அப்படியென்றால் இது வேறொருத்தி தாலி.

இதில் குற்றவாளி யார் என்று தேடிப்போனால் வழக்கு செத்துப்போன மாமனாரிடம்தான் போய் நிற்கும். அவர் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரி. எதையும் ஒற்றையாக வாங்கினால் அவருக்குச் சோறு செரிக்காது. மூத்த மகன் ராஜாராமுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, தாலி செய்யப் போன இடத்தில் ஆசாரி கூலியில் இறங்கி வரவில்லை. “சரி, ஒண்ணுக்குத்தானே இந்தக் கூலி? நாலா அடிச்சா எம்புட்டு?” என்று கேட்டார் மாமனார். நாலாக அடித்தால் ஒரே அச்சு, ஒரே சூடு, பாதிக் கூலி. அப்போது இரண்டாவது மகன் சாய்பிரசாத் காலேஜில் இருந்தான். கடைசிப் பையன் விஜய்ஆனந்த் டிரவுசரில் இருந்தான். மகள் ஸ்ரீலக்ஷ்மி எட்டாவது. அவர் பாட்டுக்கு நாலு தாலியை வாங்கி வந்து பீரோவில் போட்டுவிட்டார். பின்னால் மகளுக்கு வரன் வந்தபோது சம்பந்தியிடம், “தாலி நீங்கதான் செய்யணும், அது முறை. ஆனா செஞ்சதே என்கிட்ட இருக்கு, கூலி இல்லாம தாரேன்” என்று அதையும் தள்ளிவிட்ட மனுஷன். ஆக, மூன்று மருமகள் கழுத்திலும் ஒரு மகள் கழுத்திலும் இருப்பது ஒரே சரக்கு. தராசில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. பத்மாசினியுடையதில் மட்டும் ஒரு பல் பட்டிருந்தது.

ஊர் முழுக்கப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றும் நாள் அது. இந்த வீட்டில் மாமியார் காலத்திலிருந்தே எல்லோருக்கும் சேர்த்து ஒரே மஞ்சள் தண்ணீர்க் கிண்ணம்தான். முதலில் மஞ்சள் துண்டு கோத்த புதுக் கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள். கழுத்து ஒரு நொடியும் வெறுமையாக இருக்கக் கூடாது. பிறகு பழைய கயிற்றிலிருந்து தாலியை உருவிக் கிண்ணத்தில் போடுவார்கள். மாமியாருக்குப் பிறகு வீட்டுச் சாவியோடு அந்தக் கிண்ணமும் மூத்தவள் ஹம்சவேணி கைக்கு வந்தது. அவள் கிண்ணத்துக்குள் கைவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, பட்டா கொடுக்கும் தாசில்தார் மாதிரி, புதுக் கயிற்றில் கோத்துக்கொள்ள அவரவரிடம் கொடுப்பாள். இன்று காலை கேபிள் டிவியில் கோயில் கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டர் திருமாங்கல்யத்தைத் தூக்கிக் காட்டினார். கரண்ட் போய்விட்டது. ஜன்னல் இல்லாத நடுக்கூடம் கும்மிருட்டாகி, பதினோரு பிள்ளைகள் ஒரே குரலில் ஊளையிட்டன. “நேரம் போகுது, பிடி, பிடி, இந்தா உன்னுது” என்று ஹம்சவேணி இருட்டிலேயே பட்டுவாடாவை முடித்தாள். விளக்கு வந்தபோது நாலு பேர் கழுத்திலும் தாலி இருந்தது. நாலு பேரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

ஏறின தாலி அடுத்த வருஷ மீனாட்சி கல்யாணம் வரைக்கும் இறங்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சந்துக்கே அது சட்டம்தான். எதிர்வீட்டுக்காரி ஒருத்தி நாலு வருஷத்துக்கு முன்னால் கயிறு நமைக்கிறது என்று ஆடி மாதத்தில் கழற்றி மாற்றினாள். நாற்பதாம் நாள் அவள் புருஷன் சமயநல்லூர் வளைவில் லாரியில் அடிபட்டான். லாரி டிரைவர் தூங்கிவிட்டான் என்று போலீஸ் எழுதியது. கயிறுதான் காரணம் என்று சந்து எழுதிக்கொண்டது. இன்றைக்கும் அந்த அம்மா எதிர்மாடியில் துணி காயப்போட வந்தால், நல்ல நாளும் அதுவுமாக இந்தப் பக்கத்து ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும்.

சாய்பிரசாத் இன்று நாலு மணிக்கு சேலைப் பொதிகளோடு வேனில் சேலம் போகிறான். அதே சமயநல்லூர் வளைவு வழியாக.

அடுப்பை அணைத்துவிட்டு பத்மாசினி சுவரில் சாய்ந்தாள். வியாபாரக் குடும்பத்தில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவள். நஷ்டம் நிச்சயம் என்று தெரிந்தால் எது குறைந்த நஷ்டம் என்று தரம் பிரிக்கத் தெரியும். பல் பட்ட தாலி கடைசி ஓரகத்தி ரம்யாஸ்ரீ கழுத்தில் இருந்தால் பிழைத்தாள். சின்னப் பெண், சிரித்துவிட்டுக் கொடுத்துவிடுவாள். ஹம்சவேணி கழுத்தில் இருந்தால், தன் கழுத்தில் இருப்பது மூத்தார் ராஜாராம் கட்டிய தாலியாக இருக்கும். அவர் முன்னால் அவள் இதுவரை உட்கார்ந்தது கூட இல்லை. நாத்தனார் ஸ்ரீலக்ஷ்மி கழுத்தில் இருந்தால், அண்ணன் கட்டிய தாலி தங்கச்சி கழுத்தில். அதற்கு மேல் யோசிக்காமல் புத்தி கதவைச் சாத்திக்கொண்டது. ஸ்ரீலக்ஷ்மி சாப்பிட்டதும் திருநகரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

ரம்யாஸ்ரீ பின்கட்டில் பிள்ளைகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“அசையாத. கழுத்துல என்னமோ ஊருது,” என்றாள் பத்மாசினி.

“என்னக்கா? பூரானா?”

பூரான் என்ற சொல் கிளம்பியதும் பிள்ளைகள் விளக்குமாற்றோடு வந்துவிட்டார்கள். ஒருவன் ரம்யாஸ்ரீயின் முதுகில் இரண்டு வைத்தான். அந்தக் கலவரத்துக்கு நடுவே பத்மாசினி கயிற்றை வெளியே இழுத்து ஓரத்தைத் தடவினாள். மழமழ.

“ஒண்ணுமில்ல, நூலுதான்.”

மாடிப்படியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த விஜய்ஆனந்த் தலையைத் தூக்காமலே சொன்னான்: “மதினி, பாத்து. அவ கழுத்துல அந்த நூலு இருக்குற வரைக்கும்தான் எனக்கு ஆயுசு.”

எல்லோரும் சிரித்தார்கள். பத்மாசினிக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ரம்யாஸ்ரீ கழுத்தில் இருப்பது பல் படாதது, சரி. ஆனால் அது ரம்யாஸ்ரீயுடையதுதான் என்று எவன் சொல்ல முடியும்?

ஸ்ரீலக்ஷ்மி ஃபேனுக்கு நேர் கீழே கால் நீட்டி, வாழைத்தண்டு நறுக்குவதாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கழுத்து வெட்டு நல்லாருக்கே. எந்த டெய்லரு?”

“எதுக்கு மதினி? உங்க கழுத்துக்கு இது எடுபடாது. உங்களுக்கு எலும்புல்ல முன்னால நிக்கும்.”

“எலும்பு உன் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டுல வந்தது. திரும்பு, பைப்பிங் பாக்கணும்.” பைப்பிங்கைப் பார்க்கிற சாக்கில் விரல் தாலி வரைக்கும் போனது. நாலு பக்கமும் தேய்த்தாள். மழமழ.

உயிர் வந்தது. அந்தச் சந்தோஷத்தில், எலும்பு என்று சொன்ன வாய்க்கே சூடாக இரண்டு வடை கொண்டுவந்து கொடுத்தாள். திரும்பி அடுப்படிக்கு நடக்கும்போதுதான் வந்த உயிர் மறுபடியும் போனது. மீதி ஒரு கழுத்துதான் இருக்கிறது.

ஹம்சவேணியிடம் பூரான் கதை செல்லாது. பூரானே அவளைக் கேட்டுக்கொண்டுதான் அந்த வீட்டில் ஊரும். போன பொங்கலுக்கு ஒரு தேங்காய் அழுகலாக வந்ததற்கு, கடைக்காரனை வீட்டுக்கே வரவழைத்து அவனையே உடைக்க வைத்தவள். ‘உங்க தாலிய மாத்திக் கொடுத்துட்டீங்க’ என்று அவளிடம் சொல்ல இன்னும் ஒரு பிறவி எடுக்க வேண்டும்.

அதை விடப் பெரிய பயம் ஒன்று வந்தது. பதினொன்றரைக்கு அவளே தேடிவந்தாள்.

“பத்மா, கழுத்தெல்லாம் வேர்க்குருவா இருக்கு பாரு. வா, பவுடர் போட்டுவிடறேன்.”

பதினோரு வருஷத்தில் ஹம்சவேணி அவளுக்கு ஒரு தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுத்ததில்லை.

“இல்லக்கா. அடுப்புல பால் இருக்கு.”

“பால் பொங்கினா பொங்கட்டும்.”

பத்மாசினி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடிவிட்டாள். ஹம்சவேணிக்குத் தெரிந்துவிட்டது. ஊரைக் கூட்டும் முன்னால் கையும் களவுமாகப் பிடிக்கப் பார்க்கிறாள். அரை மணி கழித்து, “உன் சங்கிலி கொக்கி விட்டிருக்கு, காட்டு” என்று மறுபடியும் வந்தாள். இவள் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு கிணற்றடிக்குப் போய், நனைக்காத துணியைத் துவைத்தாள்.

பந்தியில் பதினேழு இலை. ராஜாராம் வலது காலை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“என்னண்ணே, நொண்டுறீங்க?” என்றான் சாய்பிரசாத்.

“மாடிப்படி வழக்கமா இருக்குற இடத்துல இல்ல. ஒரு படி குறைஞ்சிருச்சு.”

“நாப்பது வருஷமா ஏறி இறங்குற படிண்ணே.”

“அதான் எனக்கும் ஆச்சரியம்.”

சாம்பார் வாளியோடு நின்ற பத்மாசினிக்குப் படி எப்போது தவறியது என்று கேட்கத் தோன்றியது. கேட்காமலே விஜய்ஆனந்த் பதில் சொன்னான்: “கயிறு மாத்தி முடிச்சு கரண்டு வந்துச்சுல்ல, அப்பத்தான். டமார்னு ஒரு சத்தம். நான் மீனாட்சிக்கு வேட்டு போட்டாங்கன்னு நினைச்சேன்.”

மூன்றாவது வடையைப் பிட்டு வாயில் வைத்த சாய்பிரசாத் பாதியில் நிறுத்தினான். இடது கையால் நெஞ்சைத் தடவினான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல. இங்கன லேசாப் பிடிக்குது.”

“வடைய நிப்பாட்டு, விட்டுரும்,” என்றார் ராஜாராம். “இஞ்சி சோடா வாங்கியாரச் சொல்லு.”

சிரிப்பு பந்தி முழுக்கப் போய் வந்தது. பத்மாசினி சிரிக்கவில்லை. ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றினாள். விஜய்ஆனந்த் மூன்றாவது டம்ளர் பாயசத்தில் இருந்தான், ஒரு தும்மல் கூட இல்லை. திருநகர் மாப்பிள்ளை இலையை வழித்துக்கொண்டிருந்தார். கால் போனது ராஜாராமுக்கு. நெஞ்சு பிடித்தது சாய்பிரசாத்துக்கு. தாலி மாறின இரண்டு பேரைத்தான் தோஷம் பார்த்துப் பார்த்துத் தொட்டிருக்கிறது. அவள் நிமிர்ந்தபோது பந்தியின் அந்தக் கோடியில் ஹம்சவேணி மோர்ச் செம்போடு நின்றிருந்தாள். மோர் ஊற்றாமல் பத்மாசினியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றரைக்கே வேன் வந்துவிட்டது. பொதிகள் ஏறின. சாய்பிரசாத் சோடா குடித்து ஏப்பம் விட்டு, நெஞ்சைத் தடவுவதை மட்டும் விடாமல், பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

“நாளைக்குப் போகலாமே,” என்றாள் பத்மாசினி.

“சேலத்துக்காரன் நாளைக்கு வேற ஆள்கிட்ட வாங்கிருவான். என்ன, ஒரு மாதிரியா இருக்க?”

“ஒண்ணுமில்ல.”

அவன் மாடத்துச் சாமிக்குக் கும்பிடு போடத் திரும்பிய நேரத்தில், அவனுடைய இடதுகால் செருப்பை எடுத்துப்போய் அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டாள். அதற்கு மேல் ஒரு சாக்கையும் போட்டாள். செருப்பைக் காணோம் என்றதும் பத்தொன்பது பேரில் பதினேழு பேர் தேட இறங்கினார்கள். அந்தக் குடும்பத்தில் பதினேழு பேர் தேடினால் எந்தப் பொருளும் ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்காது. அது அவளுக்குத் தெரியும்.

பூஜையறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். உள்ளே ஹம்சவேணி விளக்கின் முன்னால் நின்றிருந்தாள். கை கழுத்தில் இருந்தது. திரும்பிப் பார்த்தவள் எட்டிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

பேரத்தில் முதலில் விலை சொன்னவன் தோற்றான் என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடிக்கு முன்னால் சொல்லிக் கொடுப்பது. ஹம்சவேணி திரியைத் தூண்டினாள், தேவையே இல்லாமல். பத்மாசினி குங்குமச் சிமிழைத் திறந்து மூடினாள். வெளியே, “டேய், பீரோவுக்குள்ள ஏண்டா செருப்பத் தேடுற?” என்று ராஜாராமின் குரல். அதற்கு மேல் வேன்காரன் ஹாரன் அடித்தான்.

ஹாரனில் பத்மாசினி உடைந்தாள். “அக்கா, என்னைத் திட்டுங்க, ஊரக் கூட்டுங்க, என்ன வேணாப் பண்ணுங்க. ஆனா அவர் கிளம்புறதுக்குள்ள கொடுத்துருங்க.”

ஹம்சவேணி கயிற்றை வெளியே எடுத்துப் பிடித்தாள். விளக்கு வெளிச்சத்தில் தாலியின் ஓரத்தில் கடுகளவு நிழல்.

“காலையிலேயே தெரியும்,” என்றாள். குரல் கீழே போயிருந்தது. “கரண்டு வந்ததும் கண்ணுல ஒத்துனேன்ல, இமையில இடிச்சுச்சு. அந்த நிமிஷம் அவரு படியில விழுந்தாரு. அப்போலயிருந்து உன் பின்னாலயே சுத்துறேன். நீ பிடி கொடுத்தாத்தானே.”

“வெளியில சொல்லப் போறீங்கன்னு நினைச்சேன்.”

“என்னன்னு சொல்றது? கிண்ணத்துல கைவிட்டது யாரு? நானு.” ஹம்சவேணி ஒரு தப்பைத் தன் பேரில் எழுதிக்கொண்டு பத்மாசினி பார்த்ததில்லை. தன் பயத்தை விட அது அதிகமாகப் பயமுறுத்தியது. “சீக்கிரம். மஞ்சத் துண்டு கயித்துலயே இருக்கட்டும், கழுத்து வெறும் கழுத்தாகாது. ஒண்ணொண்ணா மாத்து.”

முடிச்சு மஞ்சளில் ஊறி இறுகியிருந்தது. பத்மாசினி பல்லால் அவிழ்த்தாள். பழைய தாலி தன் கயிற்றில் ஏறியதும் கட்டைவிரல் பள்ளத்தில் போய் விழுந்தது. மூச்சு முழுசாக வந்தது. தன் கழுத்திலிருந்து இறங்கியதை ஹம்சவேணியின் கயிற்றில் கோக்கப் போனாள்.

ஹம்சவேணி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். கோக்கவில்லை.

“கோத்துக்கங்கக்கா. உங்களுதுதானே.”

“எப்படித் தெரியும்?”

பத்மாசினி அதன் ஓரத்தை மறுபடியும் தடவிப் பார்த்தாள்.

“இது என்னுதா இருக்கலாம். ரம்யாவோடதா இருக்கலாம். ஸ்ரீலக்ஷ்மியோடதா இருக்கலாம். இருட்டுல யாருக்கு எது போச்சோ.”

“மத்த வருஷமெல்லாம் நீங்கதானேக்கா பாத்து எடுத்துக் கொடுப்பீங்க. வெளிச்சத்துல எடுத்தா உங்களுக்கு அடையாளம் தெரியுமே.”

ஹம்சவேணி அந்த வீட்டில் இதுவரை எவரும் கேட்டிராத ஒரு குரலில் சொன்னாள்: “உன்னுது ஒண்ணுதான் தெரியும். பள்ளம் விரல்ல பட்டா உன்கிட்ட கொடுத்துருவேன். மத்த மூணும் தோராயம்தான்.”

“தோராயமா?”

“அத்தையும் அப்படித்தான். சாகுறதுக்கு முந்தின நாள் என்கிட்ட சொன்னாங்க. முகத்த மட்டும் நிச்சயமா வச்சுக்க, கைல வந்தத எடுத்துக் குடுன்னாங்க.”

பத்மாசினி, ஒவ்வொரு மீனாட்சி கல்யாணத்துக்கும் அந்த மூன்றும் எந்தக் கழுத்திலிருந்து எந்தக் கழுத்துக்குப் போய் வந்தன என்று நினைத்துப் பார்க்க முயன்று, வேண்டாம் என்று விட்டாள். தான் பயப்பட ஒரு பள்ளமாவது இருந்தது. ஹம்சவேணி இத்தனை வருஷமும் பிடிமானமே இல்லாமல் பயந்திருக்கிறாள்.

“எல்லாரும் நல்லாத்தானேக்கா இருக்காங்க,” என்றாள் மெதுவாக.

“இருக்காங்க. இன்னிக்கு வரைக்கும்.”

வெளியே, “கிடைச்சிருச்சு, கிடைச்சிருச்சு, அரிசி டிரம்முக்குப் பின்னால” என்று ஒரு பிள்ளை கூவியது. “அங்க எப்படிப் போச்சு?” என்று சாய்பிரசாத் கேட்டான். “நடந்து போயிருக்கும், செருப்புதானே” என்றான் விஜய்ஆனந்த்.

ஹம்சவேணி தாலியை வாயருகே கொண்டுபோனாள். கண்ணில் ஒற்றப்போகிறாள் என்று பத்மாசினி நினைத்தாள். அவள் ஓரத்தைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கண்ணை இறுக்கி மூடி ஒரு கடி கடித்தாள். எடுத்து விளக்கில் காட்டினாள். இடது ஓரத்தில் ஆழமாக, கோணலாக ஒரு தடம். பொதி வாயில் குத்திய கடை முத்திரை மாதிரி.

“இனிமே இது என்னுது,” என்றாள்.

“ஒருவேளை அது ரம்யாவோடதா இருந்தா?”

“இருந்தா? இதுக்கு மேல மாறாதுல்ல.” கயிற்றில் கோத்து, கழுத்தை நீட்டினாள். “முடிச்சுப் போடு. அடுத்த வருஷம் நாலு கிண்ணம். ஏன்னு எவளாச்சும் கேட்டா, நான் சொன்னேன்னு சொல்லு.” அந்தக் கடைசி வாக்கியத்தில் பழைய ஹம்சவேணி பாதிக்கு மேல் திரும்பி வந்திருந்தாள்.

இருவரும் வாசலுக்கு வந்தபோது சாய்பிரசாத் வேனில் ஏறியிருந்தான். பத்மாசினி ஜன்னலோரம் போய், “நெஞ்சு எப்படி இருக்கு?” என்றாள்.

“இப்பத்தான் விட்டுச்சு. ஒரு பெரிய ஏப்பம்.”

“எப்போ?”

“இப்பத்தான். ஏன், அதுக்கும் நேரம் குறிக்கணுமா?”

“சேலம் போனதும் போன் பண்ணுங்க. வளைவுல மெதுவாப் போகச் சொல்லுங்க,” என்றாள்.

அதே நேரம் ஸ்ரீலக்ஷ்மியும் வடைப் பொட்டலத்தோடு ஆட்டோவில் ஏறினாள். “வாரேன் மதினி, அந்த டெய்லர் பேரு அப்புறம் சொல்றேன்” என்று குனிந்து கையசைத்தபோது, அவள் தாலி சேலைக்கு வெளியே வந்து வெயிலில் ஆடியது. எந்தத் தடமும் இல்லாமல் பளபளத்தது. ஹம்சவேணி அதைப் பார்த்தாள். பத்மாசினியும் பார்த்தாள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்ளவில்லை.

வேன் சந்து முனையில் திரும்பியது. பத்மாசினியின் கட்டைவிரல் கழுத்துக்குப் போனது. பள்ளம் இருந்தது. ஒரு தடவை தேய்த்தாள், இரண்டாம் தடவை தேய்த்தாள்.

பின்னால் ராஜாராம் மாடிப்படியில் கால் வைக்கும் சத்தம். “பாத்து, பாத்து ஏறுங்க” என்றாள் ஹம்சவேணி, திரும்பிப் பார்க்காமல். கட்டியவளிடமிருந்து அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டறியாத மனுஷர் அப்படியே நின்றுவிட்டார். அவள் கட்டைவிரலும் கழுத்தில்தான் இருந்தது. பழக்கம் இல்லாததால், புதுத் தடம் எந்த ஓரத்தில் இருக்கிறது என்று தெரியாமல், அது வலப்பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தது.